மீற்றர் அக்கா றைசர் வாங்கிய கதை

மின்சாரத்துக்குப் பயப்படாத மனிதர்கள் உலகத்தில் பலர் இருக்கலாம். மின்சாரமே பயப்பட்ட ஒரே ஆள் திருகோணமலை மீற்றர் அக்காதான். அவர் சுவிச்சை நோக்கி நடந்து வந்தாலே மின்குமிழ் தானாக மங்கிவிடும் என்று அந்தத் தெரு ஒழுங்கையில் சொல்வார்கள். அந்த வீட்டில் சில வருடங்கள் குடியிருந்தவன் நான். அது வெறும் கட்டுக்கதை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அவருடைய சொந்தப் பெயர் கோயில் அர்ச்சனையில் மட்டும் வெளியே வரும். அதுவும் ஐயர் மணி அடிக்கிற சத்தத்தில் கேட்காது. மற்றவர்கள் காலையில் பேப்பர் பார்ப்பார்கள். அக்கா பல்துலக்கியபடி முன்சுவரில் இருந்த மின்சார மீற்றரைப் பார்ப்பார். அந்தப் பழக்கம் கொடுத்த பெயர்தான் அது. மீற்றர் வாசிக்க வரும் உத்தியோகத்தர் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் ஹெல்மெற்றைக் கழற்ற மாட்டார்.

"நான் இலக்கத்தைச் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ. உங்களுக்குக் கண் சரியில்லை எண்டு போன மாசமே கண்டனான்" என்பார் அக்கா. அந்த மனிதரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொல்வதெழுதிக் கொண்டு போவார்.

நான் மட்டக்களப்பிலிருந்து ஒரு கப்பல் முகவர் அலுவலகத்துக்கு எழுதுவினைஞனாக மாற்றலாகி வந்தவன். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்த அவருடைய வீட்டில் முன்னறையை, சாப்பாட்டோடு சேர்த்து, வாடகைக்கு எடுத்திருந்தேன். முதல் நாள் மாலை கட்டிலில் படுத்துக்கொண்டு ஊரை நினைத்துக் கொண்டிருந்தேன். கதவில் தட்டல்.

"என்ன தம்பி செய்யிறீங்கள்?"

"ஒண்டுமில்லை அக்கா. சும்மா யோசிச்சுக் கொண்டிருக்கிறன்."

"அப்ப லைற்றை நூத்துப்போட்டு யோசியுங்கோ. யோசிக்கிறதுக்கு வெளிச்சம் தேவையில்லை."

குளிர்சாதனப் பெட்டிக்கும் சட்டம் இருந்தது. என்ன எடுக்கப் போகிறோம், அது எந்தத் தட்டில் இருக்கிறது, எந்தக் கையால் எடுப்போம் என்றெல்லாம் முடிவுசெய்த பிறகுதான் கதவைத் திறக்கலாம். திறந்து வைத்துக்கொண்டு நின்று யோசித்தால், "தம்பி, அது ரீவி இல்லை" என்று குசினியிலிருந்து குரல் வரும்.

அவருடைய கணவரை அண்ணை என்று கூப்பிடுவோம். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் ரக் படகில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் கப்பல்களை இழுத்தவரின் வாயிலிருந்து ஒரு சொல்லை இழுத்து எடுப்பது பெரும்பாடு. எதற்கும் "சரி, பாப்பம்" என்பார். ஒருநாள் அவரே யாரிடமும் கேட்காமல் கூரையில் சூரியத் தகடுகளைப் பூட்டுவித்துவிட்டார். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சும் மின்சாரம் கம்பி வழியே ஊருக்குப் போகும். அதற்கு ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கைக் காட்ட ஒரு புது மீற்றரும் வந்தது.

முதல் மாதம் அக்கா ஆனந்தத்தில் இருந்தார். இரண்டாம் மாதம் முகம் மாறியது.

"இந்தக் கரண்ட்காரங்களுக்கு நாங்கள் ஏன் தம்பி வெயில் குடுக்கோணும்?"

"அதுக்குக் காசு தாறாங்கள்தானே அக்கா?"

"அவங்கள் எனக்கு விக்கிற விலையும் என்னட்ட வாங்கிற விலையும் ஒண்டே? இது கோணேசர் எங்கட கூரைக்கெண்டு அனுப்பின வெயில். அது ஏன் கம்பியில ஏறி ஊர் சுத்தோணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒழுங்கையே தவித்துக்கொண்டிருந்தபோதுதான் துபாயிலிருந்து பெட்டி வந்தது.

துபாயில் அக்காவின் தம்பி ஒருவர் இருந்தார். அக்கா அவரிடம் கேட்டிருந்தது மாவரைக்கும் மெசின். பெட்டியை உடைத்தால் பால்மா, சவர்க்காரம், பேரீச்சம்பழம். அடியில் துவாய்களில் சுற்றிய ஆறு தடித்த கறுப்புப் பலகைகள், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு காற்றாடி.

"ஃபான் வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" என்று அக்கா உடனே தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அக்கா, அது ஃபான் இல்லை. கிராபிக்ஸ் கார்ட். கம்பியூட்டரில பூட்டிக் கரண்டைக் குடுத்தா ராப்பகலாக் கணக்குப் போடும். கணக்குக்குக் கூலியா இன்ரநெற்றில காசு விழும். கிரிப்டோ எண்டு சொல்லுறது. இஞ்ச கரண்ட் வீட்டுக்காரன்ர, அவன் கண்டுபிடிச்சிட்டான். உங்களிட்டத்தான் வெயில் இருக்கே!"

"காசை ஆரடா போடுறது?"

"ஒருத்தரும் போடுறேல்லை அக்கா. அது தானா வரும்."

"ஒருத்தரும் போடாத காசு எப்பிடியடா தானா வரும்?"

துபாய் பேச்சை மாற்றியது: "மதர்போர்ட், பவர் பெட்டி எல்லாம் அதுக்குள்ள கிடக்கு. றைசர் மட்டும் அங்க வாங்குங்கோ. என்ர ஒண்டு கருகிப்போச்சு, அதால எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டன்."

"கருகினதோ? என்னத்துக்குக் கருகினது?"

"அக்கா, லைன் கட்டாகுது" என்றது துபாய். கட்டாகியது.

மற்றவர்கள் என்றால் அந்தத் தொலைபேசியில் காசு என்ற சொல்லைப் பிடித்துக் கொண்டிருப்பார்கள். அக்கா பிடித்துக்கொண்டது கருகியது என்ற சொல்லை. அன்றைய பகல் முழுக்க அந்தச் சொல்லோடுதான் மீன் கழுவினார். மாலையில் என் அறைக்கு வந்தார். அலுவலகக் கணினி ஒன்று மூச்சுவிடாமல் நின்றபோது அதை நூர்த்துத் திரும்பப் போட்டு உயிர்ப்பித்தவன் நான். அந்தப் புகழ் வீடு வரை வந்திருந்தது.

"தம்பி, றைசர் எண்டா என்ன?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மதர்போர்டில் ஆறு கார்டுகளை நெருக்கி நேராகப் பூட்ட இடமில்லை. ஆகவே அதிலுள்ள சின்ன ஓட்டையில் ஒரு சின்னத் தகட்டைச் செருக வேண்டும். தகட்டிலிருந்து ஒரு நீலக் கேபிள் புறப்பட்டு இன்னொரு சிறு பலகைக்குப் போகும். அந்தப் பலகையில் கார்ட் ஏறி உட்காரும். பலகைக்குத் தனியாகக் கரண்டும் குடுக்க வேண்டும். தகடு, கேபிள், பலகை மூன்றும் சேர்ந்ததுதான் றைசர்.

"மதர்போர்ட் எண்டா தாய்ப்பலகை. கார்ட் பிள்ளை. அப்ப இது கொப்பூழ்க்கொடி" என்றார் அக்கா.

"ஓம் அக்கா, அப்பிடியும் சொல்லலாம்."

"அப்ப விலை குறைஞ்சதை வாங்க ஏலாது. நாளைக்கு வெளிக்கிடுங்கோ."

கம்பியூட்டர் கடை வைத்திருந்த ரியாஸ் கிண்ணியாக்காரர். சிரித்த முகம், சளைக்காத வாய். பழுதான விசைப்பலகையைக்கூட ஆசீர்வாதம் செய்து விற்றுவிடுவார். அவர் மேசையில் மூன்று வகை றைசரை எடுத்து வைத்தார். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். கரண்ட் வாங்கும் வாய்தான் வேறு. ஒன்றுக்குத் தட்டையான ஒல்லி வாய், ஒன்றுக்கு நாலு முள் வைத்த வெள்ளை வாய், ஒன்றுக்கு ஆறு துளை போட்ட கறுப்பு வாய். அக்கா நின்ற நிலையிலேயே பெயர் வைத்தார்: தட்டைவாயன், நாலுபல்லன், ஆறுகண்ணன்.

"அக்கா, இந்தத் தட்டை வாய்தான் ஓட்டமான சாமான். எல்லாரும் இதத்தான் எடுக்கிற" என்றார் ரியாஸ்.

அக்கா கேட்கவில்லை. பாரை மீன் வாங்குகிறவர் செவுளைத் திறந்து பார்ப்பது போல ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்த்தார். மணந்தார். கேபிளை இழுத்தார். விரல் நகத்தால் ஈயப் பொட்டுக்களைச் சுரண்டினார். பென்டிரைவ் வாங்க வந்த ஒருவர், தானும் அப்படிச் செய்ய வேண்டுமோ என்று பயந்து பென்டிரைவை மணந்து பார்த்தார்.

கடைசியில் அக்கா கேட்டார்: "ரியாஸ், இதை உங்கட வீட்டில பூட்டிப்போட்டு நீங்கள் நித்திரை கொள்ளுவீங்களோ?"

ரியாஸ் எத்தனையோ கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர். விலை கூட, உத்தரவாதம் இல்லை, பெட்டி கசங்கியிருக்கு, எல்லாவற்றுக்கும். இதற்கும் ஒன்றைத் தேடி எடுத்தார்.

"நான் நித்திர கொள்றதே இல்ல அக்கா, புள்ளைகள் விடுறதில்ல" என்று சமாளித்தார். அக்கா சிரிக்கவில்லை. மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கினார்.

அதன் பிறகு அக்கா தினமும் ஒரு சந்தேகத்தோடு கடைக்குப் போனார். தெருமுனையில் அவருடைய பூப்போட்ட குடை தெரிந்தால் ரியாஸ் பகல் சாப்பாட்டுக்குப் போய்விடுவார். அந்த வாரத்தில் அவர் காலை ஒன்பது மணிக்கெல்லாம் பகல் சாப்பாடு சாப்பிட்டார். ஆள் கொஞ்சம் பருத்தும் போனார்.

வீட்டில் சோதனை தொடங்கியது. முதலாவது, உப்புக்காற்றுச் சோதனை. "கொழும்பில நல்லது எண்டா இஞ்ச நல்லது எண்டில்லை. இஞ்ச கடல் சுவிச்சுக்குள்ளையும் வரும்" என்று அக்கா மூன்று றைசரையும் முற்றத்துக் கொடியில், அண்ணையின் சாரத்துக்கும் என் சேட்டுக்கும் நடுவில், கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். துறைமுகக் காற்றில் அவை ஆடிக்கொண்டிருந்தன. ஒழுங்கையால் போன மீன்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"அக்கா, இதென்ன கருவாடு? நான் காணாத சாதியாக் கிடக்கே?"

"துபாய்க் கருவாடு" என்றார் அக்கா. மீன்காரர் நம்பிக்கொண்டு போனார்.

மனிதர்கள் மட்டுமல்ல, மான்களும் வந்தன. திருகோணமலை நகரத்து மான்களுக்கு எந்த முற்றமும் சொந்த முற்றம்தான். ஒரு கிடாய் உள்ளே வந்து, என் சேட்டுக் கையை மணந்து வேண்டாம் என்று விட்டு, நாலுபல்லனின் நீலக் கேபிளை வாயில் எடுத்து மெல்லத் தொடங்கியது. அக்கா குசினியிலிருந்து பாய்ந்தார். ஒரு முனையில் மான், மறுமுனையில் அக்கா. நான் இடையில் நின்று, எந்தப் பக்கம் உதவுவது என்று தெரியாமல், "விடுங்கோ, விடுங்கோ" என்றேன். மான்தான் விட்டது. அக்கா கேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மானாலயும் அறுக்க ஏலாமப் போச்சு. கேபிள் நல்லது" என்று நாலுபல்லனுக்குப் புள்ளி போட்டார். ஆனால் சில நாளில் அதன் முட்களில் பச்சைக் களிம்பு பூத்துவிட்டது. நாலுபல்லன் தோல்வி.

அடுத்தது காய்ச்சல் சோதனை. மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய சப்பாத்துத் தட்டில் மதர்போர்டைக் கிடத்தி, மேல்தட்டில் கார்டை நிறுத்தி, முதலில் தட்டைவாயனைப் பூட்டினோம். வெயில் நன்றாக ஏறியிருந்த நேரம். காற்றாடிகள் சுழன்றன. கார்ட் கணக்குப் போடத் தொடங்கியது. நான் திரையில் எழும்பிய இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா திரையைப் பார்க்கவேயில்லை. கீழே குந்தியிருந்து, பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இளஞ்சூடு."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப காய்ச்சல்."

"எல்லா மெசினும் கொஞ்சம் சுடும்தானே அக்கா."

"பொறுங்கோ." மூக்கை நீட்டினார். "மணக்குது."

எனக்கு மணக்கவில்லை. அவர் அதற்குள் சுவிச்சை நூர்த்துவிட்டார். கழற்றிப் பார்த்தால் தட்டையான வாயின் ஒரு மூலை மண்ணிறமாக உருகி வளைந்திருந்தது. அந்த வாய் கணினியின் ஹார்ட் டிஸ்க் போன்ற சின்னச் சாமான்களுக்கென்று செய்தது. இந்தக் கார்ட் இழுக்கிற கரண்டை அது தாங்காது, ஆறுகண்ணனின் வாய்தான் தாங்கும்.

வாசலில் கதிரை போட்டு இருந்த அண்ணை எழும்பி வந்து அதை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, நான் அந்த வீட்டில் கேட்ட அவருடைய மிக நீளமான பேச்சைப் பேசினார்.

"கப்பல் இழுக்கேக்க கயிறு அறுந்தா, கப்பலுக்கு ஒண்டும் நடக்காது. கயிறுக்குப் பக்கத்தில நிக்கிறவனைத்தான் அடிக்கும்."

அக்கா குடையை எடுத்தார்.

இந்தமுறை ரியாஸால் சாப்பாட்டுக்குப் போக முடியவில்லை. அக்கா உருகிய துண்டை மேசையில் வைத்தார். ரியாஸின் சிரிப்பு நின்றது.

"எல்லாரும் இதைத்தான் எடுக்கிறவை எண்டனீங்கள். அந்த எல்லாரும் ஆர்?"

"எல்லாரும் எண்டா... சும்மா யாவாரப் பேச்சு அக்கா. நான் வித்தது கொஞ்சப் பேருக்குத்தான். ரெண்டு பேரு சும்மா ஒண்டு ரெண்டு எடுத்த. சீனன்குடாப் பக்கம் ஒரு ரியூசன் மாஸ்டர்தான் எட்டு எடுத்தாரு."

"எட்டோ! எடுங்கோ போனை."

ரியாஸ் அழைத்தார். மற்ற இருவரும் எடுத்தார்கள். அவர்களுடையது இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மாஸ்டர் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். எடுக்கவில்லை.

"வகுப்பில இருப்பாரு அக்கா. பின்னேரம் எடுத்துச் சொல்றன்."

"பின்னேரம் எண்டா பின்னேரம் வரைக்கும் அது எரியாம இருக்குமோ? வீடு தெரியுமோ?"

ரியாஸ் கடையைப் பூட்டினார். வியாபார நேரத்தில் அவர் கடை பூட்டியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மூன்று பேரும் ஓட்டோவில் நெருங்கி இருந்து போனோம். வழியெல்லாம் அக்கா ஓட்டோக்காரரை அவசரப்படுத்தினார். எனக்கு உள்ளூரச் சிரிப்பாகவும் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டுக்கு வயர் தொட்டுப் பார்க்கப் போகிறோமே, போய் என்ன சொல்லப் போகிறோம்?

மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்தார். வயது குறைந்த பெண். எங்களைப் பார்த்து, மாணவன் ஒருவனின் பெற்றோர் என்று நினைத்துவிட்டார்.

"அவர் பின்னால கொட்டிலில வகுப்பு எடுக்கிறார். மகனோ மகளோ?"

"பிள்ளை, உங்கட வீட்டில இரைஞ்சுகொண்டிருக்கிற பெட்டி ஏதும் இருக்கோ?" என்று அக்கா கேட்டார்.

"வைஃபை பெட்டியோ? அது அறைக்குள்ள அலுமாரியில. தொட வேண்டாம் எண்டு அவர் சொன்னவர்."

"வைஃபை இரையிறேல்லை, பிள்ளை" என்றபடியே அக்கா உள்ளே போய்விட்டார். செருப்பைக் கழற்றினாரா என்றுகூட எனக்கு நினைவில்லை.

அறையில் கட்டிலில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டோடு மர அலுமாரி. அதற்குள்ளிருந்து வண்டுக்கூட்டம் மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள் வெண்கட்டித் தூளோடு மாஸ்டர் ஓடி வந்தார்.

"ஆர் நீங்கள்? அதுக்குள்ள சாறியள்தான் இருக்கு!"

அக்கா திறந்தார். அடுப்பு வாயைத் திறந்ததுபோல முகத்தில் அனல் அடித்தது. கீழ்த்தட்டில் எட்டுக் கார்டுகள், காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு றைசரின் வாயிலிருந்து நூல் மாதிரிப் புகை. அதற்கு நேர் மேலே தொங்கிய கூறைச் சேலையின் பொலித்தீன் உறை உருகிச் சுருண்டு கீழே நீண்டுகொண்டிருந்தது.

"மெயின் சுவிச் எங்க?"

மாஸ்டர் கூறைச் சேலையை இழுத்தெடுக்கப் பார்த்தார். மனைவிதான் கையைக் காட்டினார். அக்கா ஓடினார். அவர் அப்படி ஓடி நான் கண்டது அந்த ஒரு முறைதான். வீட்டின் சத்தமெல்லாம் ஒரே அடியாக நின்றது.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முத்தத்துக்கு வாங்கோ" என்று அமைதியாகச் சொன்னார். அந்தப் பெண் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை விழித்து, எங்கள் எல்லோரையும் பார்த்து, ரியாஸைத் தேர்ந்தெடுத்து அழுதது. ரியாஸும் அழுதுவிடுவார் போல நின்றார். அவரும் நானும் உள்ளே போய், சூடு ஆறிய பிறகு எட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தோம்.

வெளியே அந்தப் பெண் கணவரின் பக்கம் திரும்பினார்.

"வைஃபையோ?" என்றார். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வைஃபையோ?" என்றார் மறுபடியும். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. அவரிடம் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாசிக்கக்கூடும்.

அக்கா வாசற்படியில் இருந்தார். தண்ணீர் கேட்டார். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். பாதித் தண்ணீர் மடியில் சிந்தியது.

திரும்பி வரும்போது ஓட்டோ குடாவைச் சுற்றி வந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நங்கூரமிட்டு நின்றது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, எனக்குக் கரண்டைக் கண்டால் சரியான பயம்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கலியாணம் கட்டி வந்த புதுசில, குசினியில வயர் உருகி நெருப்புப் பிடிச்சது. அவர் கடலில. நான் தனிய. மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுத்தான் நூத்தனான். ஊரெல்லாம் என்னை உலோபி எண்டு சொல்லும், எனக்குத் தெரியும். சொல்லட்டும். பயந்தவள் எண்டு சொல்லுறதிலும் அது பரவாயில்லை."

ரியாஸ் முன்னுக்கு, ஓட்டோக்காரருக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தார். அவர் கேட்டாரோ தெரியாது. கடை வந்ததும் இறங்கி, தட்டைவாயன் பெட்டியை அலுமாரியிலிருந்து எடுத்துக் குப்பைக் கூடைக்குள் கவிழ்த்தார்.

"அக்கா, ஆறு துளை உள்ளது கொழும்பில இருந்து எடுப்பிக்கிறன். நீங்க வந்து பாத்த பொறகுதான் பெட்டிய உடைப்பன்" என்றார்.

சொன்னபடி செய்தார். பெட்டி வந்த அன்று மேசைக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு கதிரை, பக்கத்தில் அண்ணைக்கு ஒரு கதிரை, இரண்டு கோப்பை பிளேன்ரீ. பெட்டி நிறைய இருந்த ஆறுகண்ணன்களிலிருந்து ஆறைத் தெரிந்தெடுக்க அக்காவுக்கு ஒரு முற்பகல் சென்றது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் போல இருவரும் ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, திருப்பி, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தார்கள்.

"இது சிரிக்குது" என்று ஒன்றை ஒதுக்கினார் அக்கா. பலகை சற்று வளைந்திருந்தது. "இதுக்கு வாய் இறுக்கமில்லை, இளகின வாய்." இன்னொன்றை அண்ணை காதோடு வைத்து ஆட்டிப் பார்த்து, தலையையும் ஆட்டினார். கடைசியில் ஆறும் ஒரு வரிசையில் நின்றன. அண்ணை, "சரி, பாப்பம்" என்றார். அந்தச் சொல் அன்றைக்குத்தான் சம்மதமாகக் கேட்டது.

சப்பாத்துத் தட்டில் ஆறு கார்டும் ஏறின. மெசின் ஓடத் தொடங்கியது. ஆனால் அக்காவின் சட்டத்தின்படி வெயிலில் மட்டும். காலையில் வெயில் கூரைக்கு வந்த பிறகு போடுவது, சாய முன்பு நூர்ப்பது. நடுவில் முகில் வந்தால்? அதற்குத்தான் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து "முகில்!" என்று கத்துவேன், அக்கா உள்ளே நூர்ப்பார். அது விலக, "போட்டுது!" என்பேன், திரும்பப் போடுவார். அந்த மெசின் போட்ட கணக்கைவிட நூர்ந்து நூர்ந்து எழும்பிய கணக்குத்தான் அதிகம். காசு விழுந்ததா என்று துபாய்த் தம்பி கேட்டால், "அதை விடடா. இந்த மாசம் கம்பியில ஒரு துளி வெயிலும் போகேல்லை" என்று மீற்றரைத் தடவிக்கொண்டு சொல்வார்.

அந்த ஆனந்தம் நெடுநாள் நிற்கவில்லை. நாட்டில் மின்வெட்டுத் தொடங்கியது. பகலில் வெயில் கொளுத்தும். ஊரில் கரண்ட் நின்றால் எங்கள் தகடுகளும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவரை அடித்துவிடக் கூடாது என்று அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். வெயில் வீணாய்ப் போகிற எரிச்சலில் பொரிந்து தள்ளப்போகிறார் என்று ஒதுங்கி நின்றேன். அக்கா கேட்டுவிட்டு, "அது நல்ல யோசினை. ஆரோ பயந்த மனுசன்தான் அதைச் செய்திருப்பான்" என்று சொன்னார்.

மின்வெட்டு முடிவதற்கும் அந்தக் கிரிப்டோ உலகம் தன் முறையை மாற்றுவதற்கும் சரியாக இருந்தது. இனிக் கார்ட் வைத்துக் கணக்குப் போடத் தேவையில்லை என்று எங்கோ யாரோ முடிவெடுத்துவிட்டார்கள். துபாய்த் தம்பி அழாக்குறையாக அறிவித்தார். அக்கா, "ஆ, சரி. இனியாவது மாவரைக்கிற மெசினை அனுப்பு" என்றார். கார்டுகளை ரியாஸ் கணினி விளையாட்டுக்காரப் பொடியன்களுக்கு விற்றுக் கொடுத்தார். றைசர்களை யாரும் சீண்டவில்லை. அடுத்த மாரியில் பார்த்தேன். முற்றத்துப் பயற்றங்கொடியைப் பந்தலோடு சேர்த்துக் கட்டியிருந்தது நீலக் கேபிள். மான்கள் அதன் பக்கம் வரவில்லை.

சீனன்குடா மாஸ்டர் வீட்டாரை மறந்துவிட வேண்டாம். அவர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா போய், கேக் வெட்ட முன்பு வீட்டுச் சுவிச்சுகளையெல்லாம் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பாடினார். ரியாஸின் கடையில் அந்தக் கதிரை அப்படியே நின்றது. புதுச் சாமான் வந்தால் அக்காவுக்கு ஆள் போகும். தெருமுனையில் குடை தெரிந்தால் அவர் இப்போது எழும்பி வாசலுக்கு வந்தார்.

பிறகு எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே நான் இருக்கும் மாடி வீட்டில் எல்லா விளக்கும் எந்த நேரமும் எரிகிறது. ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

சென்ற வாரம் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணைதான் எடுத்தார்.

"அக்கா எங்க அண்ணை?"

"தம்பலகாமம் போட்டா. ஆரோ புது வீடு கட்டினமாம். வயர் இழுத்த பொடியன் அவசரக்காரனாம். பாக்கப் போட்டா."

"சுகமா இருக்கிறாவோ?"

அவருக்குப் பின்னால் ஒரு கப்பல் ஊதுவது கேட்டது.

"ஞாயிற்றுக்கிழமையில இப்பவும் மூண்டு பேருக்குத்தான் மீன் வாங்கிறா" என்றார் அண்ணை. "வெட்டிக் கழுவின பிறகுதான் தம்பி நீங்கள் இஞ்ச இல்லை எண்டு நினைவு வாறது."

நான் வைத்துவிட்டு, சனிக்கிழமை திருகோணமலை பஸ்ஸில் ஒரு சீற்றுக்குச் சொன்னேன்.